தாழ்ப்பாள் கேட்டவர்

அந்தத் தொழிற்சாலையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் தாழ்ப்பாள்கள் தயாராயின. தயாரிக்கிறவர்களின் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் பெரிய நிறுவனம் எதிலும் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மின்விசிறி செய்கிற இடத்தில் வியர்த்து ஊற்றும், நாற்காலி செய்கிற இடத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். உலக வழக்கம்.

ஒரு காலத்தில் அந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இருந்தது. பதினோரு வருடங்களுக்கு முன் அது கழன்று விழுந்ததற்கு அடையாளமாக நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும் மிச்சம். கதவு உள்பக்கமாகத் திறக்கும். உட்காருகிற இடமோ எதிர்ச்சுவரை ஒட்டி இருந்தது. ஆறடி ஆள் காலை எவ்வளவு எட்டி நீட்டினாலும் கதவுக்கு ஒரு முழம் குறையும். கட்டியவர் அளந்துதான் கட்டியிருக்க வேண்டும், தற்செயலாக இவ்வளவு துல்லியம் வராது.

அதற்கு ஒரு செங்கல் இருந்தது. கதவுக்குப் பின்னால் தரையில் ஓடு பெயர்ந்த ஒரு பள்ளம் உண்டு. செங்கல்லை அதில் உட்கார வைத்துவிட்டால் யானை தள்ளினாலும் கதவு அசையாது. ஒன்பது வருடம் அந்தச் செங்கல்தான் அத்தனை பேரின் மானத்தையும் காத்தது. பிறகு மனிதவளத் துறை 'ஒழுங்கு வாரம்' கொண்டாடியது. தொழிற்சாலையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் ஏதாவது ஒரு துறை தன்னுடையது என்று சொல்ல வேண்டும், சொல்லாத பொருள் வெளியேற்றப்படும் என்பது விதி. செங்கல்லை உற்பத்தித் துறை எங்களுடையது இல்லை என்றது. பராமரிப்புத் துறையும் கைவிரித்தது. 'உரிமையற்ற செங்கல், ஒன்று' என்று பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, இருவர் சேர்ந்து அதைச் சுமந்துகொண்டு போய் மதிலுக்கு வெளியே வைத்தார்கள்.

அன்றிலிருந்து பாட்டு ஆரம்பித்தது.

உள்ளே போகிறவர் பாட வேண்டும். பாட்டு கேட்டால் ஆள் இருக்கிறது, கேட்காவிட்டால் காலி. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை, அவசரம் தானே கற்றுக்கொடுத்தது. இரும்புத் தகடு வெட்டும் இயந்திரத்தில் இருப்பவருக்கு நல்ல கணீர்க் குரல். இரண்டே மாதத்தில் அவர் பெயர் பாகவதர் ஆகிவிட்டது. அவர் உள்ளே போனால் வெளியே காத்திருக்கிறவர்கள், "பல்லவி முடியட்டும், வந்துடுவாரு" என்று நேரம் கணக்கிடுவார்கள். பெட்டியில் அடுக்கும் பெண்களின் கழிவறைக்கும் இதே கதிதான். அவர்கள் இரண்டு இரண்டு பேராகப் போய் ஒருத்தி உள்ளே இருக்க ஒருத்தி காவல் நின்றார்கள். மனிதவளத் துறையின் மாத இதழில் அது 'பெண்களிடையே குழு மனப்பான்மை' என்ற தலைப்பில் படத்தோடு வந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒத்துப்போகாத ஒரே ஆள் நம் சோதனைக்காரர்.

இரண்டு வரிசைகளில் ஒன்றின் கடைசி மேஜை அவருடையது. தயாராகி வருகிற ஒவ்வொரு தாழ்ப்பாளையும் கையில் எடுத்து மூன்று முறை பூட்டித் திறந்து பார்த்துப் பெட்டியில் போட வேண்டும். ஒரு நாளைக்குப் பதினெட்டாயிரம் முறை தாழ்ப்பாள் போடுகிற கை அது. மனிதர் பரம சாது. கல்யாணத்தன்று புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னதற்கே இரண்டு நாள் வெட்கப்பட்டவர் என்று அவர் மனைவி சொல்லுவாள். பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அதனால் அவர் உள்ளே போனால் வாய்ப்பாடு சொல்லுவார். பதினாறாம் வாய்ப்பாடு. அதுதான் பள்ளியில் அடி வாங்கிப் படித்தது, மறக்காது.

அதிலும் ஒரு சிக்கல். வாய் பேசினால் கீழே நின்றுவிடும். கீழே வர ஆரம்பித்தால் வாய் நின்றுவிடும். வாய் நின்றால் ஆள் இல்லை என்று யாராவது கதவைத் தள்ளுவார்கள். ஆகவே அவர் தண்ணீரையே குறைத்துக்கொண்டார். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். இரண்டு வருடம் இப்படி ஓடியது. மூன்றாம் வருடம் இடுப்புக்குப் பின்னால் யாரோ திருகாணி முடுக்குவது போல வலித்தது.

மருத்துவர் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

"கல்லு. அஞ்சு மில்லிமீட்டர். தண்ணி குடிப்பீங்களா?"

"குடிப்பேங்க."

"கல்லு வேற சொல்லுதே. இனிமே ஒரு நாளைக்கு மூணு லிட்டர். அடக்கக் கூடாது, வந்தா உடனே போயிடணும். நாலு வாரம் பாப்போம். தானா வெளிய வந்துச்சுன்னா சரி. இல்லைன்னா அறுத்துத்தான் எடுக்கணும்."

அறுக்கிற விஷயத்தைக் கேட்டதும் அவர் சட்டையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டார். பயந்த சுபாவம், ஊசிக்கே கண்ணை மூடிக்கொள்கிறவர்.

மறுநாள் முதல் மனைவி இரண்டு பெரிய பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள். மாலையில் அவற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"என்னங்க இது, போன மாதிரியே வந்திருக்கு?"

"வேலை ஜாஸ்தி."

"தண்ணி குடிக்க லீவு போடணுமா? என்கிட்ட மறைக்காதீங்க."

அவர் சொன்னார். பாட்டு, வாய்ப்பாடு, செங்கல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் இடுப்பில் கை வைத்தபடி முழுவதும் கேட்டாள்.

"ஏங்க, உங்க கம்பெனியில என்ன பண்றாங்க?"

"தாழ்ப்பாள்."

"இதை வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்களைப் பாத்துச் சிரிச்சா பரவாயில்ல, என்னையும் சேத்துல்ல சிரிப்பாங்க? நாளைக்கே போய் ஒண்ணு கேட்டு வாங்கி மாட்டுங்க. ஒரு தாழ்ப்பாள்! கேட்டா குடுக்க மாட்டாங்களா என்ன?"

அவர் பண்டகசாலைக்குப் போனார். பண்டகசாலைக்காரர் பழைய சிநேகிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பொறுமையாக விளக்கினார்.

"அண்ணே, ஸ்டோர்ல இருந்து நான் குடுக்கணும்னா அது கம்பெனி வாங்குன பொருளா இருக்கணும். தாழ்ப்பாள் நாம விக்கிற பொருள்."

"அப்ப ஒண்ணு வாங்குங்களேன்."

"நம்ம தாழ்ப்பாளை நம்மளே எப்படி வாங்குறது? விக்கிறவனும் நான், வாங்குறவனும் நான். பேரம் யாரோட பேசுறது? அதுவும் ஐநூறு உருப்படிக்குக் கீழ ஆர்டர் எடுக்க மாட்டோம்."

"கழிச்சுப் போடுறோமே, அதுல ஒண்ணு?"

"கழிச்சதெல்லாம் எண்ணி நசுக்குறோம். அதை எடுத்து மாட்டினா தரமில்லாத பொருளைப் பயன்படுத்துன குத்தம். தெரியாம எடுத்தா திருட்டு."

"சரி, கடையில போய் வேற கம்பெனித் தாழ்ப்பாள் ஒண்ணை..."

பண்டகசாலைக்காரர் சட்டென்று எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அண்ணே, உங்களுக்கு வீட்டுல பிள்ளைகுட்டி இருக்கு. இப்ப சொன்னதை நீங்க சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல."

முதல் வாரம் இப்படிப் போயிற்று.

இரண்டாவது வாரம் மனிதவளத் துறை கருத்துக்கணிப்பு நடத்தியது. அந்தத் துறையின் தலைவர் கண்ணாடிச் சுவர் போட்ட அறையில் இருப்பவர். அறை வாசலில், 'மனிதர்களே எங்கள் சொத்து' என்று பெரிதாக எழுதியிருக்கும். "சொத்துன்னா என்னிக்காவது வித்துடுவாங்களே" என்று பாகவதர் மட்டும் கவலைப்பட்டார். எதைப் பேசினாலும், "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றுதான் துறைத்தலைவர் ஆரம்பிப்பார். அதனால் தொழிலாளிகள் அவருக்குக் குடும்பத்தலைவர் என்று பெயர் வைத்திருந்தார்கள். குடும்பத்தில் யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது.

'மகிழும் பணியிடம்' என்று ஒரு விருது உண்டாம். அதற்கு நிறுவனம் விண்ணப்பித்திருந்தது. அதற்காகத்தான் கணிப்பு. படிவத்தின் தலையில், 'முற்றிலும் ரகசியமானது. பெயர் எழுத வேண்டாம். பணியாளர் எண் மட்டும் போதும்' என்று அச்சிட்டிருந்தது. 'மிக்க மகிழ்ச்சி' என்பதைத் தவிர வேறு எதையாவது குறிப்பவர்கள், வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் இருந்து காரணத்தை விளக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் வாய்மொழியாகச் சொன்னார். முந்நூற்றுப் பதினேழு பேரில் முந்நூற்றுப் பதினாறு பேர் மிக்க மகிழ்ச்சியோடு இருந்தார்கள்.

சோதனைக்காரருக்குக் கல் பேசியது. 'வேறு ஏதேனும் ஆலோசனை' என்ற கட்டத்தில், 'கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும்' என்று எழுதினார். கையெழுத்து அழகாக இருக்கட்டும் என்று இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

இரண்டு நாள் கழித்து, முற்றிலும் ரகசியமான அந்தக் கருத்தைச் சொன்னவர் உடனே மனிதவள அறைக்கு வரவும் என்று ஒலிபெருக்கியில் அவருடைய எண்ணை அழைத்தார்கள்.

அறையில் நாற்காலி இல்லை. உட்கார்ந்தால் ஆளை விழுங்குகிற பெரிய உருண்டை மெத்தைகள் இருந்தன. சோதனைக்காரர் ஒன்றில் உட்கார்ந்து முழங்கால் மூக்கில் இடிக்க அண்ணாந்து பார்த்தார். குடும்பத்தலைவர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம். பயப்படாம பேசுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"தாழ்ப்பாளுங்க."

"அது நீங்க எழுதினது. நான் கேக்குறது உங்க மனசுக்கு என்ன வேணும்னு."

"மனசுக்கும் அதாங்க."

குடும்பத்தலைவர் கண்களை மூடித் திறந்தார். நிறையப் படித்தவர்கள் கோபத்தை அப்படித்தான் விழுங்குவார்கள்.

"பாருங்க, நான் இதுல இருபது வருஷம் இருக்கேன். ஒருத்தர் சம்பளம்னு சொன்னா, அவரு கேக்குறது அங்கீகாரம். லீவுன்னு சொன்னா, அவரு கேக்குறது அர்த்தம். தாழ்ப்பாள்னு சொன்னா அவரு கேக்குறது பாதுகாப்பு உணர்வு. தாழ்ப்பாள் ஒரு இரும்புத் துண்டு. அதை யாரு வேணா மாட்டிடலாம். உணர்வை நாங்க மட்டும்தான் குடுக்க முடியும். தாழ்ப்பாளைக் குடுத்து உங்களை நான் சின்ன மனுஷனா ஆக்க விரும்பல."

"நான் சின்ன மனுஷன்தாங்க. ஒண்ணு குடுத்துடுங்க."

"இதுதான், இந்தத் தாழ்வு மனப்பான்மைதான் பிரச்சினை!" என்று குடும்பத்தலைவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் கழிவறைக் கதவில் வழவழப்பான ஒரு சுவரொட்டி ஒட்டப்பட்டது. சூரியன் உதிக்கிற படம். அதன் கீழே, 'மனக்கதவைத் திறந்து வை' என்று எழுதியிருந்தது. அது அந்த நான்கு ஆணி ஓட்டைகளையும் கச்சிதமாக மறைத்தது.

மூன்றாவது வாரம் நம்பிக்கைப் பயிற்சி. பிரிவுக்கு இருபது பேர் வீதம் மேல்மாடிக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்து விழ வேண்டும், சக ஊழியர் பிடிக்க வேண்டும். சோதனைக்காரரைப் பாகவதர் பிடித்தார். பிடித்த இடம் சரியாகக் கல் இருந்த இடம். "ஐயோ" என்று அவர் சுருண்டு உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

குடும்பத்தலைவர் ஓடி வந்தார். எல்லாரையும் கையைக் கோத்து வட்டமாக நிற்கச் சொன்னார்.

"அழுங்க. அடக்காதீங்க. உள்ள இருக்கிறது வெளிய வரட்டும்."

"அது வரமாட்டேங்குதுங்களே," என்று விம்மினார் சோதனைக்காரர். "அதுக்குத்தானே தாழ்ப்பாள் கேட்டேன்."

"எல்லாரும் கை தட்டுங்க!" என்றார் குடும்பத்தலைவர்.

கை தட்டினார்கள். பாகவதர் மட்டும் தட்டவில்லை. கீழே குனிந்து, "அண்ணே, என் தோள் மேல கை போட்டுக்கங்க, எழுந்திரிங்க" என்று தூக்கிவிட்டார். படியில் இறங்கும்போது, "நீங்க போறப்ப சொல்லுங்க, நான் வெளிய நிக்கிறேன்" என்றும் சொன்னார். அப்படி இரண்டு நாள் நின்றார். மூன்றாம் நாள், இயந்திரத்தை விட்டு நகர்ந்ததற்கு அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் முதல் வரி, 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்.'

அந்த வாரக் கடைசியில் விருதுக்காரர்களின் மதிப்பீட்டாளர் வந்தார். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள், எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்து ரசிக்கிறவர். குடும்பத்தலைவர் அவருக்குப் பயிற்சிக் கூடத்தையும் உருண்டை மெத்தைகளையும் பூந்தொட்டிகளையும் காட்டினார். அவற்றையெல்லாம் அந்த அம்மாள் வேறு நாற்பது இடங்களில் பார்த்திருக்கிறார். கொட்டாவியை அடக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் திரும்பியபோதுதான் அது காதில் விழுந்தது. கழிவறைக்குள் பாகவதர் உச்ச ஸ்தாயியில் இருந்தார்.

அம்மாள் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

குடும்பத்தலைவருக்கு வியர்த்தது. அவர் அந்தப் பக்கம் அதுவரை வந்ததில்லை. அவருக்கு அலுவலகக் கட்டடத்தில் தாழ்ப்பாளோடு தனிக் கழிவறை உண்டு.

"பாடுறாங்க," என்றார், கேட்டதை அப்படியே சொல்லி.

"யாராவது பாடச் சொன்னாங்களா?"

"சேச்சே! நாங்க எதையும் கட்டாயப்படுத்துறதே இல்லைங்க."

பாகவதர் வெளியே வந்தார். அடுத்தவர் உள்ளே போய்த் தாலாட்டு ஒன்றை ஆரம்பித்தார். அதற்கடுத்தவர் நாட்டுப்பாடல். அம்மாள் கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்தார். பிறகு சோதனைக்காரர் இடுப்பைப் பிடித்தபடி உள்ளே போனார்.

"ஒரு பதினாறு பதினாறு. ரெண்டு பதினாறு முப்பத்திரண்டு. மூணு பதினாறு... நாப்பத்தெட்டு... அம்மா... நாலு பதினாறு..."

அம்மாளின் கண்கள் பனித்தன.

"ஓய்வு நேரத்துலயும் கணக்கு! தாயை வேற நினைச்சுக்கிறாரு. முப்பது வருஷமா நான் இதைத்தான் தேடிட்டு இருந்தேன்."

அன்று மாலையே குடும்பத்தலைவர் இருபது வருட அனுபவத்தையும் திரட்டி ஓர் அறிக்கை எழுதினார். 'தன்னெழுச்சியான இசைப் பண்பாடு' என்று அதற்குப் பெயர். இரண்டு ஆண்டுகளாகத் தம் துறை இதைச் சத்தமில்லாமல் வளர்த்து வந்ததாக எழுதினார். மதிப்பீட்டாளர் அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பினார். இந்தப் பண்பாடு கீழ்மட்டத்தில் மட்டும்தானா, அலுவலகத்திலும் உண்டா?

மறுநாள் பராமரிப்புத் துறை ஆட்கள் திருப்புளியோடு அலுவலகக் கட்டடத்துக்கு வந்து எல்லாக் கழிவறைகளிலும் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். பதினோரு வருடத்தில் தாழ்ப்பாள் சம்பந்தமாக அந்தத் துறை செய்த முதல் வேலை அதுதான். கழற்றியவை எல்லாம் எண்ணி நசுக்கப்பட்டன.

கணக்கு அலுவலர்கள் முதல் நாள் கூச்சப்பட்டார்கள், இரண்டாம் நாள் முணுமுணுத்தார்கள், மூன்றாம் நாள் பாடினார்கள். மனிதன் எதற்கும் பழகிவிடுவான் என்பதுதான் மனிதவளத் துறையின் அஸ்திவாரம். குடும்பத்தலைவர் மட்டும் காபியை நிறுத்தினார், பிறகு தண்ணீரை நிறுத்தினார். பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையம் வரை அவசரமாகப் போய் வந்தார். வெளிவேலை என்று குறிப்பு எழுதினார்.

நான்காவது வாரம் விருது வந்துவிட்டது. விழா வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை சோதனைக்காரருக்கு மறுபடி படம் எடுக்க வேண்டும், கல் அங்கேயே இருந்தால் சனிக்கிழமை அறுவை. மனைவி துணிமணியை ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டாள். வாய் ஓயாதவள் அந்த வாரம் பேச்சையே குறைத்துக்கொண்டாள், அதுதான் அவருக்கு அதிகப் பயமாக இருந்தது.

விழா மேடையில் முதலாளி இரண்டு வார்த்தை பேசினார். குடும்பத்தலைவர் இரண்டாயிரம் பேசினார்.

"ஒரு சாதாரணத் தொழிலாளி எங்கிட்ட வந்து தாழ்ப்பாள் கேட்டாரு. வேற நிர்வாகமா இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? குடுத்திருப்பாங்க! பிரச்சினை அன்னிக்கே முடிஞ்சிருக்கும். வளர்ச்சிக்கு இடமே இருந்திருக்காது. நாங்க குடுக்கல. கடைசி வரைக்கும் குடுக்கல. அதனாலதான் இன்னிக்கு இந்த விருது!"

கூட்டம் கை தட்டியது. தட்டாவிட்டால் வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் இருக்க வேண்டியிருக்கும்.

பிறகு அவர் சோதனைக்காரரை மேடைக்கு அழைத்தார். பண்பாட்டுத் தூதுவர் என்று ஒரு பட்டம். விருதுக் கேடயத்தை அவர் கையில் கொடுத்தார். கேடயத்தின் அடிப்பாகம் கருங்கல், மேலே பித்தளைத் தகடு. சோதனைக்காரர் வாங்கியதும் கை இரண்டும் தாழ்ந்தன.

"இது என் அறை அலமாரியில இருக்கக் கூடாது. உழைக்கிறவங்க கையில இருக்கணும். எங்க போனாலும் இதை எடுத்துட்டுப் போங்க. ஒரு நிமிஷம்கூடப் பிரியாதீங்க. இது என் உத்தரவு!"

சோதனைக்காரர் கேடயத்தை மேஜைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். பயத்தில் அன்று காலையிலிருந்து இரண்டு பாட்டிலையும் காலி செய்திருந்தார். மூன்று மணிக்கு வலி வந்தது. அதுவரை வந்த வலியெல்லாம் இதற்கு வெள்ளோட்டம். உத்தரவு நினைவிருந்ததால் கேடயத்தையும் அணைத்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினார்.

உள்ளே போய் அதை எங்கே வைப்பது என்று பார்த்தார். தரை எங்கும் ஈரம். கதவுக்குப் பின்னால் ஓடு பெயர்ந்த பள்ளம் மட்டும் காய்ந்திருந்தது. அங்கே வைத்தார். கருங்கல் அடிப்பாகம் பள்ளத்தில் 'டொக்' என்று உட்கார்ந்தது.

கதவை உள்ளிருந்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

போய் உட்கார்ந்தார். பழக்கத்தில் "ஒரு பதினாறு" என்று ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டார். வெளியே யாரோ கதவைத் தள்ளினார்கள். திறக்கவில்லை. மறுபடியும் தள்ளினார்கள்.

"உள்ள யாரு? பாடாம இருந்தா எப்படித் தெரியும்?"

அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு வருடங்களில் முதல்முறையாக அந்த இடத்தில் அவர் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எதிரே பித்தளைத் தகட்டில் 'மகிழும் பணியிடம்' என்ற எழுத்துகள் மின்னின. அவருக்கு அழுகை வந்தது, இந்த முறை வலியால் இல்லை. உடம்பு முழுக்க மெதுவாகத் தளர்ந்தது. பிறகு உயிர் போகிற மாதிரி ஒரு வலி, அதன் முடிவில் பீங்கானில் சின்னதாக ஒரு சத்தம்.

'டிங்.'

அவர் வெளியே வந்தபோது ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவர் முகத்தைப் பார்த்தார்கள். கையில் இருந்த கேடயத்தைப் பார்த்தார்கள். பிறகு திறந்த கதவு வழியாகப் பள்ளத்தைப் பார்த்தார்கள்.

முதலில் நின்ற பாகவதர் தொண்டையைக் கனைத்தார். "அண்ணே, அதைக் கொஞ்சம் குடுங்க."

பாகவதர் உள்ளே போனார். பாட்டு கேட்கவில்லை. ஊரே வியந்த அந்தக் குரல், வாய்ப்புக் கிடைத்ததும் மௌனத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. அன்று வேலை முடிகிற வரைக்கும் கேடயம் கைமாறிக்கொண்டே இருந்தது.

வீட்டில் மனைவி துணிப்பையைப் பிரித்து எல்லாவற்றையும் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே, "ஒரு தாழ்ப்பாளைக் குடுக்க வக்கில்ல, விருது வேற" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் திட்டினாள். அவருக்கு அது பாட்டாக இருந்தது.

அடுத்த வாரம் குடும்பத்தலைவர் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தார். தொழிலாளிகள் கேடயத்தைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போவதும், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் ஆவலாக வாங்குவதும், வாங்கியவர் முகம் மலர்வதும் தெரிந்தன. 'விருதை ஊழியர்கள் ஒரு கணமும் பிரிய மறுக்கிறார்கள்' என்று மாத இதழுக்கு எழுதினார். எழுதும்போதே மணி பதினொன்று ஆயிற்று. பெட்ரோல் நிலையத்தில் அன்று விடுமுறை.

அவர் கீழே இறங்கி வந்து வரிசையின் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் நாலு பேர். சோதனைக்காரர் அவரைப் பார்த்து இடம் விட்டு ஒதுங்கினார்.

"நீங்க முன்னால போங்க."

"பரவால்ல... எல்லாருக்கும் இதே வழிதானே," என்றார் குடும்பத்தலைவர், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறியபடி. அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான். முறை வந்ததும் கேடயத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது யாரையும் பார்க்காமல் அதைச் சோதனைக்காரரிடம் கொடுத்துவிட்டு, "நல்லா கனமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். தாழ்ப்பாள் பற்றி மூச்சு விடவில்லை. அவர் துறையில் ஒன்றைப் புரிந்துகொள்வதும் அதைச் செய்வதும் வேறு வேறு பிரிவுகள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி கருத்துக்கணிப்பு வந்தது. முற்றிலும் ரகசியமானது, எண் மட்டும் போதும். சோதனைக்காரர் இந்த முறை 'மிக்க மகிழ்ச்சி' என்பதைக் குறித்தார். பேனாவை மூடப் போனவர், எதிர்வரிசையைப் பார்த்தார். பெட்டி அடுக்கும் பெண்களில் இரண்டு பேர், ஒருத்திக்கு ஒருத்தி காவலாக, தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மேஜைகளில் தண்ணீர் பாட்டில்கள் நிறைந்தபடியே இருந்தன.

'வேறு ஏதேனும் ஆலோசனை' என்ற கட்டத்தில், அழகான கையெழுத்தில் அவர் எழுதினார்:

'நம் நிறுவனம் இன்னொரு விருது வாங்க வேண்டும். பெண்கள் பக்கத்துக் கதவு இன்னும் சும்மாதான் இருக்கிறது. அடிப்பாகம் கருங்கல்லாக இருப்பது அவசியம்.'